உட்காருங்கன்னு சொன்னது போதும்!

(ஈரோடு மாவட்டத்தில் நடந்த தன்னார்வலர் பயிலரங்கில், நம் தகவல் தொழில்நுட்ப அணித் தம்பி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, வீட்டுப் பெரியவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.)



பேசறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. எல்லாரும் ரெண்டு கையையும் குறுக்கா நெஞ்சுமேல வெச்சுக்குங்க. நாற்காலியில கையை ஊனாம எழுந்து நில்லுங்க. மறுபடி உட்காருங்க. 30 செகண்ட். நான் மொபைல்ல டைம் பார்க்கறேன். எத்தனை தடவை முடியுதுன்னு நீங்களே எண்ணிக்குங்க. முட்டி வலி, ஆபரேஷன், தலைசுத்தல் இருக்கறவங்க செய்ய வேண்டாம், பக்கத்துல இருக்கறவங்களுக்கு எண்ணிக் கொடுங்க.

(அரங்கில் எல்லோரும் எழுந்து உட்காருகிறார்கள். சிரிப்பு.)

சரி, போதும். முன் வரிசையில ஒரு அண்ணன் 9லயே நிறுத்திட்டாரு. அவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. பின்னாடி என் வயசு பசங்க ரெண்டு பேரும் மூச்சு வாங்கறதை நான் பார்த்துட்டேன்.

இது விளையாட்டு இல்லீங்க. பல நாடுகள்ல டாக்டர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் பயன்படுத்தற சோதனை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இதுக்கு ஒரு அட்டவணையே போட்டிருக்கு. 65லிருந்து 69 வயசுன்னா ஆண்கள் 12 தடவையாவது, பெண்கள் 11 தடவையாவது எழுந்திருக்கணும். 75லிருந்து 79 வயசுன்னா 11, 10. அதுக்குக் கீழ போனா கால்ல வலு குறைஞ்சிருக்கு, கீழ விழற ஆபத்து அதிகம்னு அர்த்தம்.

நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அணியில என் வேலை போஸ்டர் டிசைன், வீடியோ எடிட்டிங். எனக்கும் முதியோர் உடற்பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. எங்க அம்மிச்சிதான் சம்பந்தம்.

எங்க அம்மிச்சி காட்டு வேலை செஞ்ச கை. தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டே மேடு ஏறுவாங்க. நாங்க கொஞ்சம் தலையெடுத்ததும் வீட்டுக்கு மோட்டார் வந்துச்சு, குழாய் வந்துச்சு, கிரைண்டர் வந்துச்சு, வாஷிங் மெஷின் வந்துச்சு. எல்லாம் நல்லதுதான். அதோட சேர்த்து நாங்க ஒரு வார்த்தையையும் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். "நீங்க சும்மா உட்காருங்க அம்மிச்சி." கூட்ட வந்தா, உட்காருங்க. பாத்திரம் கழுவ வந்தா, உட்காருங்க. கடைக்குப் போறேன்னா, நான் வண்டியில போயிட்டு வந்துடறேன், நீங்க உட்காருங்க. பாசத்துலதான் சொன்னோம். 70 வயசுல உட்கார ஆரம்பிச்சவங்க, 74 வயசுல ஒரு ராத்திரி பாத்ரூம்ல ஈரத்துல விழுந்தாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சிருச்சு.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. தையல் பிரிச்ச பின்னாடி டாக்டர் எங்க அம்மாவைப் பார்த்து ஒண்ணு கேட்டாரு. "விழறதுக்கு முன்னாடி கையை ஊனாம எழுந்திருப்பாங்களாம்மா?" எங்க வீட்ல யாருக்கும் பதில் தெரியல. பிபி எவ்வளவுன்னு தெரியும், சுகர் எவ்வளவுன்னு தெரியும். எழுந்திருப்பாங்களான்னு நாங்க கவனிச்சதே இல்ல.

அன்னிக்கு ராத்திரிதான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அதுல எனக்குப் புரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

விழுறதை நாம நோயா நினைக்கறதே இல்ல. "வயசாச்சு, தடுக்கிருச்சு"ன்னு முடிச்சுக்கறோம். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி வருஷத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்ததால மட்டும் சாகறாங்க. விபத்துச் சாவுகள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். சாலை விபத்துக்கு ஹெல்மெட் போடச் சொல்லி எத்தனை வீடியோ நானே எடிட் பண்ணியிருக்கேன். இதுக்கு ஒண்ணு கூடப் பண்ணலையே!

நம்ம மாநிலத்துக்கு இது இன்னும் அவசரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 60 வயசைத் தாண்டினவங்க 100க்கு 10 பேர். ஒன்றிய புள்ளியியல் அமைச்சகம் 2021ல வெளியிட்ட முதியோர் அறிக்கையில இது 13.6 சதவீதம். நமக்கு மேல இருக்கறது கேரளா மட்டும்தான். 2031ல 18.2 சதவீதம் ஆகும்னு அதே அறிக்கை கணிக்குது. ஏறக்குறைய 11 பேர்ல 2 பேர். ஊர்ல பசங்க சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிட்டா, சில தெருவுல பாதிப் பேர் பெரியவங்கதான்.

"சரிப்பா, வயசானா வலு போகத்தான் செய்யும், என்ன பண்றது?" இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்கறாங்க. இதுக்கு 1990லயே பதில் வந்துருச்சு. அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஒரு முதியோர் காப்பகத்துல இருந்த 10 பேரை வெச்சு ஒரு ஆய்வு. எல்லாருக்கும் 90 வயசை ஒட்டி. ஏற்கனவே தளர்ந்து போனவங்க. அவங்களுக்கு 8 வாரம், காலுக்கு எடை வெச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. முழுசா முடிச்சது 9 பேர். கால் வலு சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு. 2 பேர் கைத்தடியை ஓரமா வெச்சுட்டாங்க. 90 வயசுல! தசைக்கு வயசு தெரியறதில்லீங்க. வேலை கொடுத்தா வளருது, கொடுக்கலைன்னா கரையுது. அவ்வளவுதான்.

இன்னொண்ணு. 2019ல கோக்ரேன் அமைப்பு, 25 நாடுகள்ல நடந்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. 23 ஆயிரத்துக்கும் மேல பெரியவங்க. ஒழுங்கா உடற்பயிற்சி செஞ்சவங்க விழறது ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு குறைஞ்சுது. இதுல முக்கியம், பலன் கொடுத்தது எந்தப் பயிற்சிங்கறது. எழுந்து உட்காருறது, ஒரு கால்ல நிக்கறது, திரும்பறது மாதிரி, நிலை தடுமாறாம இருக்கறதுக்கான பயிற்சிதான் நல்லா வேலை செஞ்சிருக்கு. வெறும் நடை மட்டும் விழறதைக் குறைக்கும்னு சொல்ல அவ்வளவு ஆதாரம் கிடைக்கல. நடை இதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது, விட்டுடாதீங்க. அதோட இதுவும் வேணும். உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதல்ல 65 வயசு தாண்டினவங்களுக்கு இதைத் தனியாவே சொல்லுது. வாரத்துக்கு 150 நிமிஷம் நடை மாதிரி மிதமான பயிற்சி, அதோட வாரத்துல 3 நாள் வலுவுக்கும் சமநிலைக்குமான பயிற்சி.

இதை வீட்லயே தனியா செய்யலாமே, எதுக்குக் கூட்டம்? செய்யலாம், பலனும் உண்டு. ஆனா எத்தனை நாள் செய்வோம்? ஜனவரி 1ஆம் தேதி ஜிம்ல பணம் கட்டினவங்க இங்க யாரு யாருன்னு நான் கேட்கல.

ஜப்பான்ல கொச்சின்னு ஒரு நகரம் இருக்கு. நம்ம பக்கத்துக் கேரளத்துக் கொச்சி இல்ல, அது வேற. 2002ல அந்த நகராட்சி பெரியவங்களுக்குன்னு ஒரு பயிற்சியை உருவாக்குச்சு. 'துடிப்பான நூறு வயசுப் பயிற்சி'ன்னு வெச்சுக்கலாம், பேரோட அர்த்தம் ஏறக்குறைய அதுதான். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. ஒரு நாற்காலி. மணிக்கட்டுலயும் கணுக்கால்லயும் கட்டிக்கற எடைப் பட்டை, கொஞ்சம் கொஞ்சமா 2.2 கிலோ வரைக்கும் கூட்டலாம். வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் பக்கத்துல இருக்கற ஒரு பொது இடத்துல கூடறாங்க. நடத்தறது அதிகாரி இல்ல, அந்தத் தெருப் பெரியவங்களே. அது அந்த ஊரோட நிக்காம ஜப்பான் முழுக்கப் பரவிருச்சு.

நம்ம ஊர்ல இப்ப மாத்திரை வீட்டுக்கே வருது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிபி, சுகர் மாத்திரையை வாசல்ல கொண்டுவந்து கொடுக்கறாங்க. படுக்கையில இருக்கறவங்களுக்கு வீட்லயே இயன்முறை சிகிச்சையும் உண்டு. யார் செஞ்சாலும் நல்ல விஷயத்தை நல்ல விஷயம்னு சொல்லணும். ஆனா மாத்திரை வாசலுக்கு வரும், கால் வலு வாசலுக்கு வராதுங்க. அதுக்கு நாமதான் வாசலைத் தாண்டணும். தாண்ட வைக்க நாலு பேர் வேணும்.

அப்படித்தான் எங்க தெருவுல ஒரு குழு ஆரம்பிச்சோம். எப்படி ஜெயிச்சோம்னு சொல்றதைவிட எப்படித் தோத்தோம்னு சொல்றது உங்களுக்குப் பிரயோஜனம்.

முதல் வாரம் நான் இன்ஜினியர் மூளையைக் காட்டினேன். எக்செல் ஷீட், ப்ரொஜெக்டர், யூடியூப் வீடியோ, காலையில 6 மணி. 22 பேர் வந்தாங்க. ரெண்டாவது வாரம் 4 பேர். மூணாவது வாரம் நானும் ப்ரொஜெக்டரும்தான்.

வீடு வீடா போய்க் கேட்டேன். ஒரு பாட்டி சொன்னாங்க, "சாமி, 6 மணிக்குப் பால் கறக்கோணும், பேரனுக்கு டிபன் கட்டோணும், நான் எங்க வர்றது?" இன்னொருத்தங்க, "டிவியில வர்ற புள்ள குதிக்குது, எனக்கு அதெல்லாம் ஆகாது கண்ணு." மூணாவது ஒருத்தங்க மெதுவா சொன்னாங்க, "ஆம்பளைங்க முன்னாடி கையைத் தூக்கிட்டு நிக்கறதுக்குக் கூச்சமா இருக்குங்க." ஒரு தாத்தா, "நான் என்ன நோயாளியா?"ன்னு கோவிச்சுக்கிட்டாரு. நான் ஒருத்தரைக்கூட முன்னாடியே கேட்கல. அதுதான் தப்பு.

மறுபடி ஆரம்பிச்சோம். நேரம் காலை 10 மணி, வீட்டு வேலை முடிஞ்சு, சாப்பிட்ட பின்னாடி. செவ்வாயும் வெள்ளியும் பெண்கள், புதனும் சனியும் ஆண்கள். பயிற்சியை வட்டார மருத்துவமனையில இருக்கற இயன்முறை சிகிச்சையாளர் ஒருத்தர் பார்த்துத் திருத்திக் கொடுத்தாங்க. நடத்தறதுக்கு நான் இல்ல. சத்துணவு சமையலரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு அக்கா, அவங்களுக்கே 66 வயசு, அவங்களுக்கே சுகர் இருக்கு. அவங்க முன்னாடி நின்னு "அட எந்திரிங்க, நானே எந்திரிக்கறேன்"னு சொன்னா, யாரால உட்கார்ந்திருக்க முடியும்?

இது நாங்க கண்டுபிடிச்சது இல்லீங்க. அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கேட் லோரிக்னு ஒரு நர்ஸ், ஆராய்ச்சியாளர். நாள்பட்ட நோய் இருக்கறவங்களுக்காக 6 வாரப் பாடத்திட்டம் ஒண்ணு உருவாக்கினாங்க. வாரம் ஒரு நாள், இரண்டரை மணி நேரம். பாடம் எடுக்கறது டாக்டர் இல்ல, பயிற்சி எடுத்த சாதாரண மக்கள் ரெண்டு பேர். அவங்கள்ல ஒருத்தராவது நோயோட வாழறவரா இருப்பாங்க. ஒவ்வொரு வாரமும் "அடுத்த வாரம் நான் இதைச் செய்வேன்"னு ஆளாளுக்கு ஒரு சின்ன வேலையைச் சொல்லணும், அடுத்த வாரம் வந்து செஞ்சேனா இல்லையான்னு சொல்லணும். நம்ம அக்கா அதைப் படிச்சதில்ல. ஆனா வெள்ளிக்கிழமை முடியும்போது "செவ்வாய்க்குள்ள யாரு என்ன செய்வீங்க?"ன்னு கேட்காம விடறதில்ல.

ஒரு நாள் எப்படி நடக்குதுன்னு சொல்றேன், எழுதிக்குங்க. மொத்தம் 45 நிமிஷம்.

முதல்ல 5 நிமிஷம், உட்கார்ந்தபடியே கணுக்கால், தோள், கழுத்து.

அடுத்து 10 நிமிஷம், நாற்காலியில இருந்து எழுந்து உட்காருறது. முடியாதவங்க கையை ஊனிக்கலாம், தப்பில்ல. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அதனால முதுகு சுவரை ஒட்டி இருக்கணும்.

அடுத்து 10 நிமிஷம், சுவர்ப் பக்கம் அசையாத நாற்காலியோட முதுகைப் பிடிச்சு குதிகால் தூக்கறது, காலைப் பக்கவாட்டுல தூக்கறது, ஒரு பாதத்துக்கு முன்னாடி இன்னொரு பாதத்தை வெச்சு 10 எண்ணற வரைக்கும் நிக்கறது. எடைக்கு அரை லிட்டர் தண்ணி பாட்டில், அது அரைக் கிலோ. செலவு இல்ல.

அடுத்து 10 நிமிஷம் கும்மி. ஆமாங்க, கும்மி! சீனாவுல தாய்ச்சி மாதிரி மெதுவான அசைவுகளும் விழறதைக் குறைக்குதுன்னு அதே ஆய்வுத் தொகுப்புல இருக்கு. ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு எடையை மாத்தறது, பக்கவாட்டுல அடி வைக்கறது, திரும்பறது. இதெல்லாம் நம்ம கும்மியிலயும் இருக்கே! கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ அறிவிச்சப்போ அவருக்கு 87 வயசு. ஆண்கள் மட்டுமே ஆடிட்டு இருந்த கலையைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். நாங்க வேகத்தைப் பாதியாக் குறைச்சு, குதிக்கறதை எடுத்துட்டோம். கூச்சமா இருக்குன்னு சொன்ன பாட்டிதான் இப்ப கை தட்டி எடுத்துக் கொடுக்கறாங்க.

கடைசி 10 நிமிஷம் உடல்நலப் பேச்சு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். ராத்திரி எழுந்தா உடனே நடக்காம, கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு அப்புறம் நிக்கணும். பிபி மாத்திரை சாப்பிடறவங்களுக்கு எழுந்ததும் கண்ணைக் கட்டலாம். பாத்ரூம் வரைக்கும் ஒரு சின்ன லைட். தேஞ்சு போன செருப்பைத் தூக்கிப் போடறது. கண்புரையைத் தள்ளிப்போடாம இருக்கறது. சுகர் இருக்கறவங்க தினமும் பாதத்தைப் பார்க்கறது.

ஒரு நாள் எல்லாரையும் வீட்ல இருக்கற மாத்திரை முழுக்கப் பையில போட்டு எடுத்துட்டு வரச் சொன்னோம். நர்ஸ் அக்கா ஒருத்தங்க வந்து பார்த்தாங்க. ஒரு தாத்தா, ஒரே மருந்தை ரெண்டு கம்பெனி பேர்ல, ரெண்டு இடத்துல வாங்கி ரெண்டையும் சாப்பிட்டுட்டு இருந்தாரு. அவருக்கு அடிக்கடி தலைசுத்தல் ஏன்னு அன்னிக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. உடனே டாக்டர்கிட்ட அனுப்பினோம். இதைக் கேட்டுட்டு நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க, டாக்டர் சொல்லித்தான் மாத்தணும்.

எங்ககிட்டயும் ஒரு தப்பு நடந்துச்சு, மறைக்க விரும்பல. ஒரு அம்மா இன்சுலின் போட்டுட்டு, விரதம்னு சாப்பிடாம வந்துட்டாங்க. பாதியில வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துட்டாங்க. சர்க்கரைத் தண்ணி கொடுத்ததும் தேறினாங்க. அதுலருந்து "சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்காம ஆரம்பிக்கறதில்ல. ஒரு டப்பாவுல சர்க்கரை எப்பவும் இருக்கும். நெஞ்சு வலி வர்றவங்க, சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, பிபி கட்டுப்பாட்டுல இல்லாதவங்க டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் சேரணும். பயிற்சி செய்யும்போது பேச முடியணும். பேச்சு வரலைன்னா வேகம் அதிகம்னு அர்த்தம், நிறுத்திடணும். 108 நம்பர் சுவர்லயே எழுதி ஒட்டியிருக்கோம்.

இப்ப பெண்கள் குழுவுல 13 பேர், ஆண்கள் குழுவுல 7 பேர். ஆண்களைக் கூட்டிட்டு வர்றது இன்னும் கஷ்டமாத்தான் இருக்கு. வந்தாலும் முதல் 10 நிமிஷம் அரசியல் பேசித்தான் ஆரம்பிக்கறாங்க! முதல் நாள் 4 தடவை எழுந்த ஒரு பாட்டி, இப்ப 9 தடவை எழறாங்க. அவங்க சந்தோஷப்பட்டது அதுக்கு இல்ல. "பஸ் படியில நானே ஏறிட்டேன் சாமி"ன்னு சொல்லித்தான் சந்தோஷப்பட்டாங்க.

ஒருத்தர் வரலைன்னா அன்னிக்குச் சாயங்காலம் யாராவது அவங்க வீட்டுக்குப் போய், "ஏனுங்க, இன்னிக்கு வரல?"ன்னு கேட்கறாங்க. பசங்க வெளியூர்ல இருக்கற ஒரு அம்மா என்கிட்டச் சொன்னாங்க, "நான் வரலைன்னா தேடறதுக்கு நாலு பேர் இருக்காங்கன்னு இப்பத்தான் தெரியுது." இந்த மருந்தை எந்த பார்மசியிலயும் வாங்க முடியாதுங்க.

இப்ப உங்ககிட்ட நான் கேட்கறது இதுதான்.

நம்மளை மாதிரி வீடு வீடா ஏறி இறங்கறவங்க வேற யாரும் இல்ல. எந்த வீட்ல எத்தனை பெரியவங்க, யாரு தனியா இருக்காங்க, எல்லாம் நமக்குத் தெரியும். தேர்தல் வந்தா மட்டும் அந்தக் கதவைத் தட்டினா, அவங்க நம்மளை என்னன்னு நினைப்பாங்க? ஆளுக்கு ஒரு தெரு எடுங்க. 15 நாற்காலி, நிழல் இருக்கற ஒரு இடம், வாரத்துல ரெண்டு நாள். முதல்ல போய்க் கேளுங்க, அவங்களுக்கு எந்த நேரம் வசதின்னு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேசுங்க. பெரியவங்கள்லயே ஒருத்தரை முன்னாடி நிறுத்துங்க. மத்த எந்த உதவின்னாலும் முதியோருக்கான 14567 உதவி எண் இருக்குன்னு சொல்லிக் கொடுங்க.

ஐடி அணி ஆளா ஒரு வேண்டுகோள். அந்த இடத்துல கொடி வேண்டாம், பேனர் வேண்டாம். எந்தக் கட்சிக்காரர் வீட்டுப் பாட்டியும் கூச்சமில்லாம வரணும். அவங்க கையைத் தூக்கி நிக்கறதை அவங்க அனுமதி இல்லாம போட்டோ எடுத்து எனக்கு அனுப்பாதீங்க, நான் போஸ்ட் போட மாட்டேன். (கைதட்டல்)

முடிச்சுக்கறேன். எங்க அம்மிச்சிக்கு இப்ப 76 வயசு. வாக்கர் பிடிச்சு நடக்கறாங்க. செவ்வாய், வெள்ளி ஆனா 10 மணிக்கு முன்னாடியே வந்து நாற்காலியில உட்கார்ந்து, எல்லாருக்கும் சத்தமா எண்ணிக் கொடுக்கறாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... நடுநடுவுல அவங்களும் கையை ஊனி எழுந்து பார்ப்பாங்க. மூணு தடவை முடியும். அவங்களைப் பொறுத்தவரைக்கும் இந்தக் குழு ரெண்டு வருஷம் லேட்டா வந்துச்சு. உங்க தெருவுல லேட் ஆக வேண்டாம்.

பெரியவங்களைக் கண்டா நாற்காலி போட்டு "உட்காருங்க"ன்னு சொல்றது நம்ம மரியாதை. அது இருக்கட்டும். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும், பக்கத்துல நின்னு, கையை நீட்டி, இன்னொரு வார்த்தையையும் சொல்லிப் பாருங்க.

"எந்திரிங்க. நான் இருக்கேன்."



(உங்க தெருவுல ஆரம்பிக்க விருப்பம் இருக்கறவங்க கமெண்ட்ல ஊர் பேரை மட்டும் போடுங்க. வீட்ல பெரியவங்க எத்தனை தடவை எழுந்தாங்கன்னும் சொல்லுங்க, பக்கத்துல நின்னு பார்த்துட்டு!)

#எந்திரிங்க_நான்_இருக்கேன்